அலமாரிக் கதவின் கீழ்க் கீல்

தையற்காரரும் தச்சரும் சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. 'நாளைக்கு வாங்க' என்பதை உளியோடும் ஊசியோடும் சேர்த்தே அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. அந்த ஊரில் ஒரே ஒரு தச்சர் மட்டும் விதிவிலக்கு. வியாழக்கிழமை மாலை என்று அவர் சொல்லிவிட்டால் வியாழக்கிழமை மாலை மேசை வாசலில் இறங்கிவிடும். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய், 'சொன்னநாள்' என்பதே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

போன மழைக்காலத்தில் அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய நாளில் ஜன்னல் சட்டத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்ததை ஒருவர் சொன்னார். காய்ச்சலோடு வந்து பள்ளிக்கூட பெஞ்சுகளை இறக்கிவிட்டுப் போனதை இன்னொருவர் சொன்னார். இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை கூட்டிச் சொல்வது உலக வழக்கம்தான் என்றாலும் இந்த விஷயத்தில் யாரும் கயிறு திரிக்கவில்லை. சுவரோரமாக நின்றிருந்த கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடி விற்பவர். தன் வீட்டுச் சமையலறை அலமாரியைச் சொன்னநாள் எவ்வளவு காலம் இழுத்தடித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதை அங்கே சொன்னால் பொய் சொல்கிறார் என்பார்கள்.

தச்சரின் வாழ்க்கையில் பெரிய சம்பவங்கள் அதிகம் இல்லை. இரண்டு அறை வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. காதில் செருகிய பென்சில். இடது கட்டைவிரலில் என்றோ சுத்தியல் பட்டு நகம் பிளந்தே வளர்ந்தது. யாராவது வேலை கொண்டுவந்தால் பேசிக்கொண்டே அளவு எடுக்கமாட்டார். அளவு எடுத்துக்கொண்டே பேசவும் மாட்டார். பிறகு கண்ணை மூடி, விரல் மடக்கி, மரம் காய ஒரு நாள், மழை வந்தால் ஒரு நாள், தனக்கு முதுகு பிடித்துக்கொண்டால் ஒரு நாள் என்று எல்லாவற்றையும் கூட்டித்தான் நாள் சொல்வார். அவசரப்படுத்தினால், "அப்போ வேற ஆளைப் பாருங்க. அவர் நாளைக்கே தர்றேன்னு சொல்வார், வருஷக் கடைசி வரைக்கும் சொல்வார்" என்பார். மனைவி சீக்கிரமே போய்விட்டாள். ஒரே மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை, செய்திதான் வந்தது. அவன் விட்டுப்போனது ஓர் இளம் மனைவியையும், உட்காரக்கூடப் பழகாத ஒரு பெண் குழந்தையையும்.

மருமகளுக்குப் போக்கிடம் இல்லை. அழுதுகொண்டிருந்தால் அடுப்பு எரியாது என்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தாள். பகல் முழுக்கக் குழந்தை தச்சரின் பொறுப்பு. அவர் ஒரு பழைய சாமான் பெட்டிக்குச் சக்கரம் பூட்டி, உள்ளே மெத்தை போட்டு, விளிம்பையெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, குழந்தையை அதில் உட்காரவைத்துப் பட்டறைக்குள் உருட்டிக்கொண்டு திரிந்தார். குழந்தை தூங்கும் நேரத்தில் மின்ரம்பம் ஓடாது. சத்தம் போட்டுக்கொண்டு வரும் ஆட்களை உளியை நீட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவார். விட்டுப்போன வேலையை விடியலில் எழுந்து செய்தார். நாள் மட்டும் தவறவில்லை.

தலைவாரிப் பின்னவும் அவர்தான் கற்றுக்கொண்டார். வகிடு ரசமட்டம் வைத்து எடுத்தது போலிருக்கும். ஆனால் பின்னலைத் தச்சு வேலைபோல இறுக்கிவிடுவதால் குழந்தையின் புருவம் இரண்டும் மேலே ஏறி, நாள் முழுக்க எதையோ கண்டு ஆச்சரியப்படுவதுபோலவே திரியும். "மாமா, கொஞ்சம் தளர்வா பின்னுங்க, பிள்ளைக்குக் கண்ணை மூட முடியல" என்று மருமகள் சொல்வாள். "தளர்வா இருந்தா சாயங்காலம் வரைக்கும் நிக்காதும்மா" என்பார் தச்சர்.

இப்படி நாலு வருஷம் போனது. அதற்குள் கண்ணாடிக்கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கல்யாணம் ஆகாதவர், நடுத்தர வயது, எதையும் துணியால் துடைத்து நேராக வைக்கும் சுபாவம். இவள்மேல் அவருக்கு மனசு வந்து, அதைச் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். சொன்னதும் அவள், "மாமா சரின்னா சரி" என்றாள். கடைக்காரர் தச்சர் முன்னால் போய் நின்றார். தச்சர் அவரை ஒரு பலகையைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். எங்கேயும் வெடிப்பு தெரியவில்லை போலும்.

"நல்லதுதான் தம்பி. என் மகன் போனதுக்கு அவ ஏன் இருட்டுல உக்காரணும்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பாப்பா உங்களை அப்பான்னு கூப்பிடணும். நான் வந்து வந்து உக்கார்ந்தா அது நடக்காது. குழந்தைக்கு ரெண்டு பக்கம் இழுப்பு ஆகாது. அவ வாயால அப்பான்னு சொல்ற வரைக்கும் நான் உங்க வீட்டுல வந்து உக்கார்ந்து ஒரு வாய் சாப்பிடமாட்டேன். நீங்களும் கூப்பிடாதீங்க" என்றார்.

கடைக்காரருக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. உறவுக்குப் பெயர் வைப்பதில் நம் மொழிக்குக் குறைவே இல்லை. ஒன்றுவிட்டதற்கும் இரண்டுவிட்டதற்கும்கூடப் பெயர் உண்டு. செத்துப்போன மகனின் மனைவிக்கு இரண்டாவதாக வாய்த்த கணவனை என்னவென்று அழைப்பது என்பதை மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை. தச்சர் 'தம்பி' என்று வைத்துக்கொண்டார். கடைக்காரர் 'ஐயா' என்றார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

குழந்தை அப்படி நினைக்கவில்லை. கல்யாணம் முடிந்து போன புது வீட்டில் அவளுக்கென்று ஒரு அறை, பொம்மைகள், ஜன்னலில் மஞ்சள் திரை எல்லாம் இருந்தன. அவள் அடம்பிடிக்கவில்லை, அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. கடைக்காரரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தாள், அவ்வளவுதான். ஏதாவது வேண்டுமென்றால் அவர் எதிரில் வந்து நின்று இருமுவாள். முதலில் அவர் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்தார். அவளும் மரியாதைக்கு அதைக் குடித்துவிட்டாள். பிறகுதான் இருமல் என்றால் தன்னைக் கூப்பிடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து யாரையும் அப்பா என்று கூப்பிட்டுப் பழகாத வாய். அவருக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. கடையில் யாருடைய பிள்ளையாவது 'அப்பா' என்று கத்தினால் இவர் தலை தானாகத் திரும்பும். தன் மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

சமையலறையில் சுவர் அலமாரி போடும் பேச்சை எடுத்தது மனைவிதான். "மாமாவை விட்டா வேற யார் செய்வாங்க? விருந்துக்கு வரமாட்டேன்னுதானே சொன்னார், வேலைக்கு வரமாட்டேன்னா சொன்னார்?" என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு. யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

தச்சர் கருவிப் பையோடு வந்தார். தன் சாப்பாட்டு டப்பாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அளவெடுத்தார், கண்ணை மூடினார், விரல் மடக்கினார். "ஒரு பத்து நாள்ல முடிச்சுடலாம் தம்பி" என்றார். 'லாம்' என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூட வேன் மூன்றரை மணிக்கு வரும். குழந்தை பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு நேராகச் சமையலறைக்கு ஓடுவாள். மரச்சுருள்களுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு யார் யாரை அடித்தார்கள், டீச்சர் புடவையில் எப்படி மை கொட்டியது என்று ஆரம்பிப்பாள். தச்சர் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். கடைக்காரர் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு வாசல்வரை கேட்கும். அவர் உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும். யாரும் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பவர் ஆள் வந்ததும் நிறுத்துவதுபோலத் தானாக நிற்கும். "தம்பி வந்தாச்சு, நான் கிளம்பறேன்" என்று தச்சர் பையைக் கட்டிவிடுவார். குழந்தை வாசல்வரை போய்விட்டு வந்து, கடைக்காரர் எதிரில் நின்று, இருமாமல் போய்விடுவாள்.

பத்து நாள் ஆனது. அதன்மேல் இன்னொரு பத்தும் ஆனது. மரம் நெளிந்துவிட்டது என்றார் தச்சர். பிறகு கீல் சரியில்லை என்றார். பிறகு சுவரே சரியில்லை என்றார். மொத்தமாகப் பேசிய வேலை. இழுத்தால் அவருக்குத்தான் நஷ்டம். வயசாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது, பாவம் என்று கடைக்காரர் முதலில் நினைத்தார்.

ஒருநாள் முற்பகலில் சாவிக்கொத்தை மறந்துவிட்டு வந்ததால் அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சமையலறையில் தச்சர் முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார். முந்தின நாள் மாட்டிய கதவின் கீழ்க் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதவு ஒரு குறையும் இல்லாமல் நேராகத்தான் நின்றது. கழற்றிய திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தார், கதவை மேல் கீலோடு தொங்கவிட்டார். பிறகு கூடத்துக் கடிகாரம் தெரியும்படி நகர்ந்து உட்கார்ந்து, சும்மா இருந்தார். கை தளர்ந்த மனிதர் செய்கிற காரியமாக அது தெரியவில்லை. கடைக்காரர் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டார்.

வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வந்தது. கோபம் என்று சொல்வதைவிடப் பொறாமை என்று சொல்வதுதான் சரி. வாயால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் வருகிறாரே, இவர் வந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பிள்ளை என்னை எப்படி ஏறெடுத்துப் பார்க்கும் என்று அவருக்கு வயிறு எரிந்தது. அன்று மாலை தச்சர் பையைக் கட்டும்போது கடைக்காரர் கேட்டார்.

"ஐயா, எந்த நாள் முடியும்னு சொல்லுங்க."

மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். தச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணை மூடவில்லை, விரல் மடக்கவில்லை. "சனிக்கிழமை" என்றார்.

சனிக்கிழமை முடிந்தது. எவ்வளவு நல்ல வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. கதவைச் சுண்டுவிரலால் தள்ளினால் போதும், மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. தச்சர் தரையைப் பெருக்கி, மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

"நாளைக்கு என்ன வேலை தாத்தா?" என்று குழந்தை கேட்டாள்.

"வேலை இல்ல பாப்பா. முடிஞ்சிடுச்சு."

"திங்கக்கிழமை?"

"எல்லாம் முடிஞ்சிடுச்சு கண்ணு."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், ஏறி ஓட்டவில்லை. தெருமுனைவரை அப்படியே போனார்.

அன்று இரவு மனைவி சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் டக்கென்று வைத்தாள். "நீங்க நாள் கேட்டிருக்கக் கூடாது" என்று மட்டும் பிறகு சொன்னாள். "கேட்டா அவர் சொல்லித்தான் ஆகணும். அவருக்கு வேற மாதிரி இருக்கத் தெரியாது."

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். வீட்டுல உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

அடுத்த வாரம் முழுக்கக் குழந்தை பள்ளிவிட்டு வந்ததும் சமையலறையில் போய் அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். ஒரு முனகலாவது வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். வரவில்லை. இருமுவதைக்கூட விட்டுவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் தானே எட்டி எடுத்துக்கொண்டாள். தச்சர் இல்லாத வீட்டில் அவள் தன் பக்கம் வருவாள் என்று கடைக்காரர் போட்ட கணக்கு தப்புக்கணக்காகிவிட்டது. தினம் பவரைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிற மனுஷன், தன் வீட்டுக்குள் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் தச்சரின் பட்டறைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். "ஐயா, சும்மா வந்துட்டுப் போங்களேன்."

"பாப்பா கூப்பிட்டாளா உங்களை?"

கடைக்காரர் பட்டறை மேசைமேல் கோணலாகக் கிடந்த உளியை எடுத்து நேராக வைத்தார்.

"அப்போ இருக்கட்டும் தம்பி. சொன்னது சொன்னதுதான். ஏதாவது வேலை இருந்தா சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று தச்சர் மறுபடி இழைப்புளியைத் தள்ள ஆரம்பித்தார். தள்ளுவதில் வேகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, கண்ணாடிக்கடைக்காரர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரியைக் கெடுக்க உட்கார்ந்தார். கையில் மூக்குக்கண்ணாடித் திருகாணிகளை முடுக்கும் குட்டித் திருப்புளி. வீட்டில் இருந்த ஆயுதம் அதுதான். ஆனால் நல்ல தச்சர் செய்த வேலையைக் கெடுப்பது லேசான காரியமில்லை. மேல் கீலின் திருகாணி அசைய மறுத்தது. அழுத்தினார். திருப்புளியின் முனை உடைந்து அதிலேயே சிக்கிக்கொண்டது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

பின்னால் யாரோ இருமினார்கள்.

திரும்பிப் பார்த்தார். குழந்தை கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

பொய் சொல்ல நேரமில்லை. "கதவைக் கெடுக்கறேன்" என்றார். "கெட்டுப்போனா தாத்தா வருவார்ல."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அருகில் வந்து குந்தினாள். "மேல இருக்கறது வராது. அதைத் தாத்தா தொடவே மாட்டார். கீழ இருக்கறதைத்தான் தினமும் கழட்டிக் கழட்டி மாட்டுவார். அதுதான் லூசா இருக்கும்" என்றாள். ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து திருகாணியின் தலைக் கோட்டில் வைத்தாள். "இப்படிப் பிடிங்க. இந்தப் பக்கம். அய்யோ, இந்தப் பக்கம்!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினார்கள். திருகாணிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசித் திருகாணி வந்ததும் கதவு சாய்ந்து கடைக்காரரின் கால் பெருவிரலில் இறங்கியது. அவர் ஒற்றைக்காலில் குதித்த குதியைப் பார்த்துக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசல்வரை கேட்கிற சிரிப்பு. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் அவருக்கு அந்தச் சிரிப்பை நிறுத்த மனசில்லை. இன்னும் இரண்டு குதி சேர்த்தே குதித்தார்.

சொல்லி அனுப்பியதும் தச்சர் சைக்கிளில் வந்து இறங்கினார். கருவிப் பை தோளில் இருந்தது. அவசரத்தில் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். மண்டியிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கதவைப் பார்த்தார். திருகாணிகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தலையெல்லாம் கீறல். மேல் கீலில் குட்டித் திருப்புளியின் உடைந்த முனை அப்படியே சிக்கியிருந்தது.

"தானா விழுந்திருக்கும் ஐயா..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"என் கதவு தானா விழாது" என்றார் தச்சர், திரும்பாமலே. "யார் கழட்டினது?"

"நானும் அப்பாவும்" என்றாள் குழந்தை.

காய்கறிப் பையோடு அப்போதுதான் உள்ளே வந்த மருமகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சொன்னவள் மட்டும் ஒன்றும் நடக்காதவள்போல ஸ்கேலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தச்சர் கையிலிருந்த திருகாணிகளைத் தரையில் வைத்தார்.

"யாரு? சரியா காதுல விழல."

"நானும் அப்பாவும்தான் தாத்தா. அப்பாவுக்குக் கழட்டவே தெரியல. எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்படியா" என்றார் தச்சர். அவருக்குச் சந்தோஷம்தான். இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்ததுதான். ஆனாலும் தன் மகனுக்குப் போயிருக்க வேண்டிய வார்த்தை வேறொருவருக்குப் போவதைக் கேட்டதும் ஒரு நொடி அவனுடைய முகம் வந்துபோனது. அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கழட்டத் தெரியாதவர் பிடிக்கவாவது பிடிக்கட்டும். தம்பி, அந்தப் பக்கம் வாங்க" என்றார்.

கடைக்காரர் நொண்டிக்கொண்டே போய்க் கதவைப் பிடித்தார். தச்சர் பையிலிருந்து புதுத் திருகாணிகளை எடுத்து முடுக்கினார். கதவு அரைமணி நேரத்தில் நேராக நின்றுவிட்டது. மரம் நெளியவில்லை, சுவரிலும் குறை எதுவும் இல்லை. கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டுக் கட்டினார். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, குழாயடியில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, மருமகளைப் பார்த்து, "ராத்திரிக்கு என்னம்மா சமையல்?" என்று கேட்டார்.